கையைப் பிடிக்கும் அக்கா

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பாதிப் பேர் "நம்ம அக்காவா?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் வேறு மாதிரி கேட்பார்கள். அந்த வேறு மாதிரிக் கேள்விகளுக்கு நான் வேண்டிய மட்டும் பதில் சொல்லியாகிவிட்டது.

பார்த்தவுடன் கையைப் பிடிப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே மூன்று விரல்களை நம் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் வைத்துவிடுவார். கண் எங்கேயோ இருக்கும். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் "இருக்கு" என்பார். அதற்கப்புறம்தான் நம் முகத்தையே பார்ப்பார். டீக்கடை மாஸ்டர், டீசல் போடுகிற தம்பி, டயர் மாற்ற வந்தவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் எப்போதும் ஒரு செவலை நாய் படுத்துக் கிடக்கும். ஒருநாள் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "நாய்க்கு எங்க வச்சுப் பாக்கணும்னு தெரியலயேலே" என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

நான் அந்த வண்டியின் பைலட். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு எங்கள் வேலையில் அதுதான் பெயர். சேத்தூரில் என் அம்மா இதை விளக்கம் இல்லாமல் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்ததில், பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் என்னிடம், "மதுர ஏர்போர்ட்டா, தூத்துக்குடியா?" என்று கேட்டார். பைலட் முன்னால், நோயாளியோடு பின்னால் இருப்பவர் அக்கா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவர் வேலை, வாசலில் கொண்டு சேர்ப்பது என் வேலை. நாலு வருடம் ஒரே வண்டியில் போனோம்.

முதல் இரண்டு வருடம் அவருக்கு இந்தக் கைப்பழக்கம் கிடையாது. வாய்ப்பழக்கம்தான் உண்டு. டேஷ்போர்டில் எப்போதும் ஒரு பொட்டலம் காராச்சேவு இருக்கும். கேஸ் முடிந்து திரும்பும்போது முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, நொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். நான் வேகமாகப் போனால், "ஏலே, உள்ள இருக்கவனக் காப்பாத்தத்தான் போறோம், வெளிய இருக்கவனக் கொல்ல இல்ல" என்பார். பிரசவ வலியில் கத்துகிற பெண்ணையும் இரண்டு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவார். பயம் என்ற ஒன்றை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

பிறகு, சும்மா நிற்கிற வண்டிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். ஊருக்கு அது போதும். அன்றைக்குச் சாயங்காலமே என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அந்தக்கா ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாகளாமே?"

"அவுக எல்லாரு கையையும் பிடிப்பாக."

"அதெப்படி எல்லாரு கையையும் பிடிப்பாக?"

மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வண்டி நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சாப்பாடு எனக்கு வந்ததில்லை. அக்கா தூக்குச்சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார், "இருக்கு" என்றார், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ஏட்டி, ஒடம்புல ரத்தமே இல்லையே. முருங்கக்கீர திங்கியா இல்லையா?" சண்டைக்கு வந்தவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் என்னிடம், "பாவங்க அந்தக்கா. கை எம்புட்டுச் சில்லுன்னு இருக்கு. எதையோ கண்டு பயந்த கை அது" என்றாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற நான், மணிக்கட்டைத் தொடுவதே இல்லை என்பதை அவள் அதுவரை கவனித்திருக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார், வடக்கே பனி கொட்டுகிற இடத்தில். போனில் கையைப் பிடிக்க முடியாதே. அதனால் அவரையே பிடிக்கச் சொல்வார். "கழுத்துல வைங்க. வச்சாச்சா? துடிக்கா?" அவர் லீவில் வந்தபோது என்னிடம் சொல்லிச் சிரித்தார். "தம்பி, எங்க ஆபீசரே ஆளு இருக்கானான்னு ஒரு நாளைக்கு ஒரு தடவதான் பாப்பாரு. ஒங்கக்கா மூணு தடவ பாக்கா." சிரித்து முடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு என்னாச்சு தம்பி?"

"வேல அலுப்புதாண்ணே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். என்ன ஆயிற்று என்று அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டாவது வருடக் கடைசி. சேத்தூருக்கு இந்தப் பக்கம், மத்தியான வெயில். பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. அந்தம்மா ரோட்டில் கிடந்து கத்திக்கொண்டிருந்தார். தொடை எலும்பு முறிந்து சேலையெல்லாம் ரத்தம். புருஷன் பத்தடி தள்ளி, சாலையோரப் பள்ளத்தில் சத்தமில்லாமல் கிடந்தார். அக்கா அந்தம்மாவின் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே, அவருக்குக் கையப் பாருலே." நாடித் துடிப்பைக் காட்ட விரலில் மாட்டுகிற கிளிப் மிஷின் வண்டியில் ஒன்றுதான். அது அந்தம்மாவின் விரலில் இருந்தது.

கை பார்க்க எனக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பள்ளத்தில் இறங்கி அவர் மணிக்கட்டில் விரலை வைத்தேன். சுற்றி நாற்பது பேர் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"இல்லக்கா."

அக்கா ஓடிவந்து அவர் பக்கத்தில் ஒரு நொடி குனிந்தார். பக்கத்தில் விழுந்து கிடந்த போனை எடுத்துக் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்து, வீட்டுக்குச் சொல்லச் சொன்னார். "அந்தம்மாவ ஏத்துலே" என்றார். உயிர் போனவரை எங்கள் வண்டியில் ஏற்றக்கூடாது, அதற்கு வேறு வண்டி இருக்கிறது. நான் சொன்ன "இல்ல" என்ற ஒரு வார்த்தையில் அந்த மனிதர் அங்கேயே விடப்பட்டார்.

அந்தம்மா பிழைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொரு ஆம்புலன்ஸ் அந்தப் புருஷனோடு வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ மறுபடியும் போன் போட்டிருக்கிறார்கள். அந்த வண்டியில் பின்னால் இருந்தவர் இறங்கி வந்து அக்காவிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"நாங்க எடுத்தப்ப லேசா இருந்துச்சுக்கா. வழியிலதான் போயிட்டாரு."

உடம்பிலிருந்து நிறைய ரத்தம் போய்விட்டால் மணிக்கட்டில் துடிப்பு மறைந்துவிடும், கழுத்தில் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். அது எனக்குத் தெரியாதது இல்லை. அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அக்காவும் கழுத்தைப் பார் என்று சொல்லவில்லை, கையைப் பார் என்றுதான் சொன்னார்.

கேஸ் முடிந்ததும் வண்டியைக் கழுவ வேண்டும், ஆக்ஸிஜன் பார்க்க வேண்டும், பஞ்சு, கட்டுத்துணி, கையுறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு தாள் உண்டு. எங்கள் இரண்டு பேரையும் பார்க்க அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது. யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திட்டியாவது இருந்தால், நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கால் மணி நேரத்தில் அடுத்த கேஸ் வந்துவிட்டது. போனோம். மறுநாள் காலை டியூட்டிக்கு வந்தபோது அக்கா முதன்முதலாக என் கையைப் பிடித்தார்.

அவர் பிடிக்கும்போதெல்லாம், "நல்லாப் பாத்தியா?" என்று அந்த விரல்கள் திரும்பத் திரும்பக் கேட்பதாகவே நினைத்தேன். கையை இழுத்துக்கொள்ளவும் தைரியமில்லை. இழுத்தால் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பல மாதம் கழித்து, மாம்பழக் காலத்தில், அந்தம்மா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கம்பு ஊன்றி விந்தி விந்தி நடந்து, ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழத்தோடு வந்தார். எங்களைக் கும்பிட்டார். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"ஒங்களாலதான் நான் நடமாடுதேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தாயி. எங்க வீட்டுக்காரரு உடனே போயிட்டாருல்ல? வலி தெரிஞ்சிருக்காதுல்ல?"

அக்கா அவர் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா பதிலுக்காக அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் அக்கா, "இருக்கு" என்றார். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் குறுக்கே விழுந்து, "உடனேதாம்மா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லி ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பழத்தை இரண்டு பேரும் தொடவில்லை. பையோடு டீக்கடையில் கொடுத்துவிட்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்கப்புறம் அக்காவின் விரலுக்கு எல்லாரும் செத்தவர்களாகிவிட்டார்கள். முன்பெல்லாம் பத்து நொடியில் வந்த "இருக்கு", ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று இழுத்தது. சில நேரம் வரவே இல்லை. அப்போது இன்னொரு கையைப் பிடிப்பார். பொட்டலத்துக் காராச்சேவு நமுத்துப் போய்க் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலே சொன்னால் அக்காவை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், எதனால் என்று விசாரித்தால் அந்தப் பள்ளத்துக்கு வந்து நிற்கும், என்னிடம் வந்து நிற்கும். அதனால் சொல்லவில்லை. அக்காவுக்காகத்தான் சொல்லவில்லை என்று அப்போது என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன்.

சுந்தரபாண்டியம் பக்கத்தில் ஒரு பிரசவக் கேஸ். காலை நேரம், ரோட்டில் கூட்டமில்லை. பாதி வழியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள கண்ணாடியை அக்கா படபடவென்று தட்டினார்.

"நிறுத்துலே. இல்லலே. இவளுக்கு இல்ல."

ஓரங்கட்டிவிட்டு ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். அந்தப் பெண் வேர்த்து விறுவிறுத்துக் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். அக்கா அவளுடைய இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பிடித்தார், கழுத்தில் வைத்தார், மறுபடியும் கைக்கு வந்தார். "இல்லலே, இல்ல" என்று அழுதார்.

"யக்கா, நான் இருக்கேன்க்கா. பேசுதேன்ல" என்றாள் அந்தப் பெண்.

அவளுடைய மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "என்னம்மா சொல்லுதீக? பிள்ளைக்கு என்னமும் ஆயிருச்சா?" என்று நடுங்கினார்.

எத்தனையோ விபத்தைப் பார்த்தவன் நான். அன்றைக்குப் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை. படுத்திருந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்திருந்தவர்தான் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கிளிப்பை அந்தப் பெண்ணின் விரலில் மாட்டினேன். நம்பர் எரிந்தது.

"அக்கா, நம்பரப் பாருங்க."

"அது பொய்லே."

வேறு வழி தெரியாமல் அந்தப் பெண்ணிடமே சொன்னேன். "தங்கச்சி, அக்கா கைய நீ பிடிச்சுக்கோ. விட்டுராத. செத்த நேரந்தான்." வலியோடு அவள் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை. நல்லபடியாகப் பிரசவமாயிற்று என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

வண்டியைக் கழுவியபின், பின்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இப்படியே போனா யாராச்சும் செத்துருவாகக்கா. டாக்டரப் போயிப் பாப்போம்."

அவர் இடது கையை நீட்டினார்.

"மொதல்ல எனக்குப் பாருலே. ரெண்டு நாளா எனக்கே இல்ல."

முகத்தில் விளையாட்டு இல்லை. தான் செத்துப்போய்விட்டோமோ என்று அவர் உண்மையாகவே சந்தேகப்பட்டார். எனக்கோ அந்தப் பள்ளத்தில் தொட்ட மணிக்கட்டுதான் கடைசி. அதற்கப்புறம் யாருக்கும் நான் கை பார்த்ததில்லை. தட்டுப்படாவிட்டால் என்ன சொல்வது? இந்த முறையும் "இல்லக்கா" என்றா? மூன்று விரலை வைத்தேன். என் நெஞ்சு அடிக்கிற அடி காதுவரைக்கும் கேட்டது. விரலடியில் என்னவோ துடித்தது. இருக்கு என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியலக்கா. துடிக்கு. ஒங்களுதா என்னுதான்னு தெரியல."

அக்கா என்னையே பார்த்தார். இப்படி என் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"எனக்கும் தெரியலலே" என்றார். "அன்னைக்கு எனக்கும் தெரியல."

"என்னைக்கு?"

"கழுத்துல வச்சேன்லே அவருக்கு. குனிஞ்சேன்ல. என்னமோ துடிச்சுச்சு. ஓடி வந்திருந்தேன், எனக்கே திக்குதிக்குன்னு அடிச்சுச்சு. என் விரலா, அவரு கழுத்தான்னு பிடிபடல. நீ இல்லன்னு சொல்லியிருந்த. அதப் பிடிச்சுக்கிட்டேன். வண்டிக்குள்ள பெஞ்சில கெடத்தியாச்சும் ஏத்தியிருக்கலாம்லே. ஏத்தல."

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்லமாட்டேன். இரண்டு வருடமாக நான் கொன்றுவிட்டதாக நினைத்து நினைத்து, பெற்ற பிள்ளையின் கையைத் தொடாமல் இருந்திருக்கிறேன். இவர் வாய் திறக்கவில்லையே என்று கொதித்தது. எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. பிறகு எனக்கே உறைத்தது. நானும்தானே வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவார். எத்தனையோ பேரை அந்த வாசலில் இறக்கியிருக்கிறோம், நாங்களாக நடந்து போனது அன்றுதான். யூனிபார்ம் இல்லாமல், சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அக்கா என் பின்னால் வந்தார். "என்ன பைலட்டு, கேஸ் எங்க?" என்று கேட்ட ஊழியரிடம், "சும்மா வந்தேன்" என்றேன். சீட்டு எழுதுகிற இடத்தில், "யாருக்கு?" என்றார்கள். "அக்காவுக்கு" என்றேன். நான் உள்ளே போகவில்லை. மூன்று மாதம் வியாழன்தோறும் கூட்டிப் போனேன், ஒவ்வொரு முறையும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன கேட்டார்கள் என்றால், "தூக்கம் வருதான்னு கேக்காக, அன்னைக்கு நடந்தத மொதல்லருந்து சொல்லச் சொல்லுதாக" என்பார் அக்கா. நான் பயந்தபடியே அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு நாள் அழுதார். அப்புறம் ஒரு கிளினிக்கில் சேர்ந்தார். ஊசி போடுகிறார், பிரஷர் பார்க்கிறார்.

போன மாதம் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். போய் வெகுநாளாகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் கையைப் பிடித்தார். விடாத பழக்கம் என்று நினைத்தேன். ஆனால் கண் எங்கேயோ போகவில்லை, சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. உதடு அசைந்தது. இருக்கிறதா என்று பார்க்கவில்லை, எவ்வளவு என்று எண்ணினார்.

"நூத்திப் பதினாறு" என்றார். "ஏம்லே?"

"வண்டிய வெரசா ஓட்டிட்டு வந்தேன்க்கா."

"வண்டி ஓடுனா ஒனக்கு ஏம்லே ஓடுது? செத்த நேரம் உக்காரு."

காப்பி கொடுத்தார். காராச்சேவு வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டு. காப்பி டம்ளர் என் கையில் ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் நானே பார்த்தேன்.

"தூக்கம் வருதாலே?" என்று கேட்டார்.

எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு, வரலக்கா என்றேன். அவர் கையை விடவில்லை. பிறகு, "நாளைக்கு வியாழன். டாக்டரம்மா வருவாக. நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் அந்த வரிசையில் முன்னால் நான், பின்னால் அக்கா. அதே சன்னல், அதே ஆள். அக்காவைப் பார்த்துப் பழகியவர், நிமிராமலே வழக்கம்போல், "அக்காவுக்குத்தான?" என்று எழுதத் தொடங்கினார்.

"இல்லண்ணே" என்றேன். "எனக்கு."